விரிகுடா திறக்கிறது

அன்புள்ள அண்ணா,

இன்று ஆய்வுப் படகில் போய் வலை இழுத்துப் பார்த்தோம். அற்றுப்போகுமென்று நாங்கள் பயந்த மீன் திரும்பிவிட்டது. சினை மீன்களே நிறைய. விரிகுடாவை மறுபடி மீன்பிடிக்கத் திறக்கலாம் என்று அறிக்கை கொடுத்துவிட்டேன்.

மூடச் சொல்லி எழுதியதும் நான்தான். அன்றைக்கு நீங்கள் என்னைத் திட்டியிருக்கலாம்; திட்டவில்லை. "கணக்கு சரின்னா எழுதும்மா. அண்ணன் மூஞ்சியப் பாக்காத" என்றீர்கள். கணக்கு சரியாகத்தான் இருந்தது. ஆனால் கடல் தேறுவதற்குள் நீங்கள் படகை விற்றுவிட்டு, நகரத்துத் தொழிற்சாலையில் காவலுக்குப் போய்விட்டீர்கள்.

துறைமுகத்தில் எல்லோரும் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். உங்கள் படகை வாங்கியவர், "அண்ணனுக்குச் சேதி சொல்லிட்டீங்களா?" என்று கேட்டார். சொல்லிவிட்டேன் என்று பொய் சொன்னேன்.

லீவு கிடைத்தால் வாருங்கள், அண்ணா. கடற்கரைப் பக்கம் வரவேண்டாம். வீட்டுக்கு வந்தால் போதும்.

உங்கள் தங்கை