என்னைக் கேட்காமல் மாற்றிய இன்ஜின்

சத்துவாச்சாரி,
வேலூர் - 9.
17.9.1997, புதன்

அன்பு மகன் ஜெஸ்டனுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நானும் உன் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், ஒரே வீட்டில்தான் இருக்கிறோம், பேச்சு மட்டும் கொஞ்ச நாளாகக் கம்மி. அங்கே நீயும் ஜெஸியும் குழந்தை ஷாஜினும் நல்ல சுகத்தோடு இருக்க வேண்டும் என்று தினமும் ஜெபிக்கிறேன், உன் மேல் கோபமாக இருக்கிற நாட்களிலும் விடாமல் ஜெபிக்கிறேன். ஷாஜினுக்குச் சளி விட்டதா என்று எழுது, ராத்திரி முழுக்க ஏ.சி. காற்றில் பிள்ளையைப் போட வேண்டாம் என்று ஜெஸியிடம் சொல். திமிரியில் விஜயகுமாரி சித்திக்குக் கை எலும்பு கூடிவிட்டது, மாவுக்கட்டைப் பிரித்துவிட்டார்கள், இன்னும் சொம்பு தூக்க முடியவில்லை. மாடியில் தண்ணீர்த் தொட்டி ஒழுகுகிறது, அதை அடைக்க உன் அப்பாவுக்கு நேரமில்லை. அவருக்கு வேறு பெரிய வேலை இருந்தது, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

சித்தி கை உடைந்து கிடக்கிறாள் என்று ஆகஸ்டு மாதம் பத்துப் பதினைந்து நாள் நான் திமிரியில் போய் இருந்தேன் அல்லவா, ஒரு சனிக்கிழமை சாயங்காலம் பஸ்ஸில் வந்து இறங்கினேன். ஷெட்டில் கார் மேல் துணி போர்த்தியிருந்தது. தூசி படாமல் இருக்கட்டும் என்று போர்த்தியிருக்கிறார் என்று எண்ணிச் சந்தோஷப்பட்டேன். மறுநாள் ஞாயிறு ஆராதனையில் ஸ்தோத்திரக் காணிக்கைகளை ஆயர் ஒவ்வொன்றாக வாசிக்கிறார், மகளுக்குச் சுகப்பிரசவம் ஆனதற்காக, மகன் பன்னிரண்டாம் வகுப்பில் தேறியதற்காக என்று. அதன் நடுவில், கிறிஸ்துராஜ் ஜெயபுஷ்பம் குடும்பத்தார் தங்கள் காருக்குப் பெரிய இன்ஜின் கிடைத்த நன்மைக்காக என்று வாசித்தார். என் காதை என்னாலேயே நம்ப முடியவில்லை. எங்கள் வரிசையில் இருந்த பெண்கள் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள், நானும் பாட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஒன்றும் தெரியாதவள் மாதிரி சிரித்தேன், எனக்கு உண்மையிலேயே ஒன்றும் தெரியாது. ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் பெண்கள் ஐக்கியச் செயலாளர் ஹெப்சி கையைப் பிடித்துக்கொண்டாள். என்னைக் கேட்காமல் செய்துவிட்டார் என்று நான் ஆரம்பித்ததும், "ஆண்டவர் குடுத்தத இன்னாத்துக்கு அக்கா குறை சொல்றீங்க" என்று என் வாயை அடைத்துவிட்டாள். அதற்குத்தான் உன் அப்பா காணிக்கை போட்டிருக்கிறார். சபையில் வாசித்துவிட்டால் அது ஆசீர்வாதம் ஆகிவிடும், அதற்குப் பிறகு கழற்று என்று யார் சொல்ல முடியும்.

அந்தக் கார் யாருடையது என்று உனக்குத் தெரியும். எங்கள் ஆஸ்பத்திரியை விட்டுத் தன் ஊருக்கே திரும்பிய லேடி டாக்டர் எண்பத்து நான்கில் எனக்கென்று விட்டுவிட்டுப் போனது, ஆர்.சி. புக்கில் என் பெயர்தான் இருக்கிறது. கிராமத்து முகாம்களுக்கு ஆஸ்பத்திரி ஜீப்பை ஓட்டிப் பழகியவள் நான். உன் அப்பா ஓட்டப் பழகிய அழகும் உனக்குத் தெரியும், ஆம்பூரில் அவர் வேலை பார்த்த தோல் ஷெட்டில் ரிவர்ஸ் எடுக்கிறேன் என்று பின் சக்கரத்தைச் சுண்ணாம்புத் தொட்டிக்குள் இறக்கிவிட்டு, அன்றே சாவியை என் கையில் கொடுத்தவர். அந்த ஷெட்டில் முப்பது வருடம் பாய்லரும் பம்பும் பார்த்தவர், கெட்டிக்காரர், இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஓட்டாத மனிதர் ஓட்டுகிற மனுஷியைக் கேட்காமல் இன்ஜினை மாற்றுவது எந்த ஊர் நியாயம்? கேட்டால், போன மே மாதம் ஏலகிரி ரிட்ரீட்டுக்குப் போகும்போது ஒன்பதாவது வளைவில் கொதித்து நின்றதே, மலை ஏறத் தெம்பு பத்தவில்லையே என்கிறார். நின்றது, நான் கல் வைத்து, அரை மணி நேரம் ஆறவிட்டு, தண்ணீர் ஊற்றி, நான்கு பெண்களையும் மேலே கொண்டுபோய்ச் சேர்த்தேன். வருடத்துக்கு ஒரு நாள் ஏறுகிற மலைக்காக மீதி முந்நூற்று அறுபத்து நான்கு நாளும் என் காலை உடைக்க வேண்டுமா?

இன்ஜின் எங்கே பிடித்தார்கள் தெரியுமா, ஆம்பூரில் ஷூ கம்பெனிக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு போன டீசல் வேன் ஒன்று துருப்பிடித்து உடைசலுக்கு வந்ததாம், அதன் இன்ஜின் மட்டும் நல்லது என்று மெக்கானிக் சம்பத் எடுத்து வைத்திருந்தாராம். இருபது பேரை இழுத்த இன்ஜின். அதை நம் அம்பாசிடருக்குள் உட்கார வைக்க உள்ளே தாங்கிகளை வெட்டி வெல்டு அடித்து, ரேடியேட்டரை முன்னால் தள்ளியிருக்கிறார்கள். பானெட்டை இரண்டு முறை ஓங்கி அறைந்தால்தான் மூடுகிறது. முன்பக்கம் கனத்தில் தாழ்ந்து போயிருக்கிறது. ஸ்டார்ட் செய்தால் தெரு நாய்கள் குரைக்கின்றன, அதிர்வில் கண்ணாடியில் பார்த்தால் பின்னால் வருகிற ஒரு பஸ் இரண்டு பஸ்ஸாகத் தெரிகிறது. இதெல்லாம்கூடப் பரவாயில்லை. க்ளட்ச்தான் பிரச்சினை. என் இடது காலால் மிதித்தால் பாதி வரை போய் நின்றுவிடுகிறது, முதுகை சீட்டில் முட்டுக் கொடுத்து, ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு எம்பி மிதிக்க வேண்டும். ஸ்டியரிங்கும் அம்மிக் கல்லை நகர்த்துகிற மாதிரி.

இருந்தாலும் அந்த வார வியாழக்கிழமை விசாரம் ஊருக்குக் கிளம்பினேன். நானும் என்னோடு நர்ஸாக இருந்த பில்கிஸும் ரிட்டையர் ஆனதிலிருந்து வியாழன் தோறும் அவள் வீட்டு முன் அறையில் தோல் ஷெட் ஆட்களுக்குப் புண்ணுக்குக் கட்டுப் போடுவதை நீ வந்து பார்த்திருக்கிறாய். குரோமியத் தண்ணீரில் நின்று நின்று கால் விரலிடுக்கெல்லாம் வெந்து போய் வருகிறார்கள், ஆஸ்பத்திரிக்குப் போனால் அன்றைய கூலி போய்விடும் என்று அங்கே வருகிறார்கள். மருந்துப் பெட்டியும் பஞ்சும் பேண்டேஜும் காரில்தான் போகும். ஹைவேயைக் கடக்கிற இடத்தில் க்ளட்ச் முழுதாக இறங்காமல் கார் குதித்து நடு ரோட்டில் நின்றது. இரண்டு பக்கமும் பஸ், ஹாரன். "ஆயா, வண்டிய உட்டு எறங்கு" என்று ஒருவன் கத்தினான். இரண்டு ஆட்டோக்காரர்கள் தள்ளி ஓரத்தில் விட்டார்கள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்து வந்தேன். அதோடு சேர்த்து மூன்று வியாழன் நான் போகவில்லை. முனியம்மா என்று ஒருத்தி, குதிகாலில் சுண்ணாம்பு வெந்த புண், மூன்று வாரமும் வந்து காத்திருந்துவிட்டுப் போனாளாம். பில்கிஸ் போன் செய்து, "நீ இல்லாம எனுக்குக் கை ஓடல, இவ்ளோ பேர நா ஒருத்தி இன்னா பண்றது" என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

கார் நடு ரோட்டில் நின்ற வாரம் சனிக்கிழமை சம்பத் தன் வேலை எப்படி ஓடுகிறது என்று பார்க்க வீட்டுக்கு வந்தார். க்ளட்ச் இப்படி இருக்கிறதே என்று கேட்டேன். "டீசல் இன்ஜின்னா அப்டிதாம்மா, டிரைவர் கால் தாங்கும். டிரைவர் வெச்சிக்கப் போறோம்னு சார் சொன்னாரே" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுக் காப்பியைக் குடித்தார். எந்த டிரைவர் என்று உன் அப்பாவைப் பார்த்தேன். அவர் தண்ணீர்த் தொட்டி ஒழுகுகிறது என்று மாடிக்குப் போய்விட்டார். நான் விடவில்லை, பின்னாலேயே ஏறிப் போய் நின்றேன். கடைசியில் நீ ஜூலையில் அவர் பெயருக்கு எழுதிய கடிதத்தை எடுத்துக் கொடுத்தார். நாலு முறை படித்தேன். டீசல் இன்ஜினாகப் போட்டு விடுங்கள், வண்டி கனமாகிவிட்டால் அம்மா தானாக ஓட்டுவதை விட்டுவிடுவாள், நாம் சொன்ன மாதிரியும் இருக்காது என்று உன் கையெழுத்தில் இருக்கிறது.

முப்பத்தாறு வருடம் நான் நர்ஸ், ஜெஸ்டன். காலை எடுக்க வேண்டும் என்று எத்தனையோ பேருக்கு முகத்துக்கு நேரே உட்கார்ந்து சொல்லியிருக்கிறேன், அழுதால் கையைப் பிடித்துக்கொண்டு இருந்திருக்கிறேன். சொல்லாமல் ஒருவரையும் மயக்கம் கொடுத்து அறுத்ததில்லை. அம்மா, வயதாகிறது, ஓட்ட வேண்டாம் என்று எனக்கு ஒரு வரி எழுத உன்னால் முடியவில்லையா? சண்டை போட்டிருப்பேன், அது வேறு. அந்தச் சண்டைக்குப் பயந்து என்னை நடு ரோட்டில் நிற்க வைத்துவிட்டீர்கள்.

போன வாரம் அந்த டிரைவரும் வந்தார், நாற்பது வயதிருக்கும், மரியாதையான மனிதர், அவர் மேல் குற்றமில்லை. முதல் நாள் காப்பி கொடுத்துத் திருப்பி அனுப்பினேன். நேற்று செவ்வாய்க்கிழமை நானே கூப்பிட்டனுப்பினேன். உன் அப்பாவையும் ஏற்றிக்கொண்டு காரை ஆம்பூருக்கு ஓட்டச் சொன்னேன், சம்பத் ஷெட் வாசலில் இறங்கியதும் டிரைவருக்கு அன்றைய சம்பளத்தைக் கொடுத்து பஸ் ஏற்றிவிட்டேன். பிறகு ஒரு நாற்காலி வாங்கிப் போட்டு உட்கார்ந்து, இந்த வண்டியை நான்தான் ஓட்டுகிறேன், பதின்மூன்று வருடமாக நான்தான் ஓட்டுகிறேன், என் காலுக்கு ஏற்ற மாதிரி ஆக்கிக் கொடுத்தால்தான் எழுந்திருப்பேன் என்றேன். சம்பத் முகம் மாறிவிட்டது. உன் அப்பாவைப் பார்த்து, "இன்னா சார், அம்மாதான் ஓட்றாங்கன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா அப்பவே செஞ்சிருப்பேனே" என்றார். பெடலோடு சேர்கிற கம்பியை நீளமாக்கி மாட்டினார், க்ளட்ச் இப்போது கொஞ்சம் தூரம் இறங்க வேண்டும், ஆனால் கால் வலிக்காமல் இறங்குகிறது. அந்தப் பழைய வேனின் பெரிய ஸ்டியரிங் வட்டையும் கழற்றி வந்து போட்டார், பிடிமானம் வந்தது. அரை நாள் வேலை. அரை நாளில் முடிகிற காரியத்துக்கு என்னை மூன்று வாரம் முடமாக்கி வைத்தீர்கள்.

வேலை நடக்கும்போது உன் அப்பாவும் சும்மா இருக்கவில்லை, அதையும் எழுதிவிடுகிறேன். "லாரில இட்ச்சிக்கினு வந்து எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே நீ, புள்ள எழுதித்தான் எனுக்குத் தெரியுது" என்று எல்லார் முன்னாலும் கேட்டார், குரல் உடைந்து போயிற்று. ஜனவரியில் விசாரம் மார்க்கெட் முனையில் தோல் லாரியை உரசிப் பக்கத்துக் கண்ணாடி உடைந்ததை நான் அவரிடம் சொல்லவில்லை, நிறுத்தியிருந்தபோது எவனோ இடித்துவிட்டான் என்றுதான் சொன்னேன். உன் ஒருவனுக்குத்தான் உள்ளதை உள்ளபடி எழுதினேன். அதைத்தான் நீ எடுத்து அவரிடம் கொடுத்தாய். இன்ஜினைவிட இதுதான் எனக்கு வலிக்கிறது. இவனுக்கு எதை எழுதலாம், எதை மறைக்கலாம் என்று யோசித்து எழுதுகிற தாயாக இனி நான் ஆக வேண்டுமா, சொல்.

ஆம்பூரிலிருந்து நானே ஓட்டி வந்தேன். மாதனூர், பள்ளிகொண்டா, விரிஞ்சிபுரம் கூட்டுரோடு எல்லாம் சிரமமில்லாமல் தாண்டியாயிற்று, மேட்டில்கூட கியர் மாற்ற வேண்டியிருக்கவில்லை, இன்ஜின் நல்ல இன்ஜின்தான், அதை ஒத்துக்கொள்கிறேன். பொய்கையில் சந்தை நாள், மாடு பிடித்துக்கொண்டு ஜனம் ரோட்டில் வந்துகொண்டிருந்தது. ஒரு கன்றுக்குட்டி இடது பக்கமிருந்து குறுக்கே வந்தது. மிதித்து நிறுத்தினேன், பம்பர் அதன் கயிற்றில் பட்டு நின்றது, கன்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. வண்டி கனமாகிவிட்டதால் பழைய பிரேக் பத்தவில்லை, சம்பத்திடம் சொல்ல வேண்டும் என்றார் உன் அப்பா. நானும் ஆமாம் என்றேன். பிரேக் நன்றாகத்தான் இருக்கிறது, ஜெஸ்டன். நான்தான் கன்றைப் பார்க்கவில்லை. இடது பக்கத்தில் அது வந்ததே எனக்குத் தெரியவில்லை, ரோட்டில் இருந்த ஒருவர் கத்திய பிறகுதான் பார்த்தேன். ஜனவரியில் லாரி வந்ததும் அதே இடது பக்கம்தான். திங்கட்கிழமை கண் டாக்டரிடம் நேரம் வாங்கியிருக்கிறேன். அவர் பார்த்துச் சொல்லும் வரை சாவியைத் தொட மாட்டேன், நாளை வியாழன் விசாரத்துக்குப் பெட்டியோடு பஸ்ஸில்தான் போகிறேன், காரில் டீசல் இல்லை என்று வீட்டில் சாக்குச் சொல்லியிருக்கிறேன். திங்கட்கிழமை சாயங்காலம் நானே உன் அப்பாவிடம் சொல்வேன், என் வாயால் சொல்வேன். அதுவரை இது உனக்கு மட்டும்தான் தெரியும்.

உன் பதிலை அப்பா பெயருக்கு எழுதாதே, என் பெயருக்கு எழுது. ஜெஸிக்கும் ஷாஜினுக்கும் என் முத்தங்கள். கர்த்தர் உங்கள் போக்கையும் வரத்தையும் காப்பாராக.

கோபமும் அன்பும் குறையாத உன் அம்மா,
கி. ஜெயபுஷ்பம்