ஒரு வாரம் உனக்கு, ஒரு வாரம் எனக்கு

இன்று காலை சாவி கொடுக்க எடுத்தபோது கைக்கடிகாரத்தின் தோல்வார் கொக்கி ஓரத்தில் அறுந்துவிட்டது. பஸ் நிலையத்துக்கு எதிரே இருக்கும் கடிகாரக் கடைக்காரர், "வார் இத்துப் போச்சு சார், புதுசு போட்டுர்லாம்" என்றார். கழற்றிய வாரை வாங்கி மூக்கில் வைத்து இழுத்தேன். அவர் பார்த்த பார்வையில், இந்தக் கடலை மண்டிக்காரனுக்கு மண்டைக்குள்ளும் கடலைத் தோல் புகுந்துவிட்டது என்ற முடிவு தெரிந்தது. புகுந்தால் புகட்டும். வாரில் இன்னும் புளி வாசனை இருக்கிறது. உன் பாத்திரக் கடையில் பித்தளை தேய்க்கிற புளி. மேலாக என் மண்டித் தூசி, அடியில் நீ. அதே வாரைத் தைத்து வாங்கிக்கொண்டு வந்து, இதை எழுத உட்கார்ந்தேன்.

பிரெஞ்சுக்காரர்கள் மூட்டை கட்டிய காலத்தில் பாண்டிச்சேரியில் ஒரு பங்களாச் சாமான்கள் ஏலத்துக்கு வந்தது உனக்கு நினைவிருக்கும். நீ செப்பு அண்டா எடுக்க வந்தாய். நான் எதற்கு வந்தேன் என்று எழுத வேண்டாம். மதுவிலக்கு இருக்கிற ஊர்க்காரனுக்குப் பாண்டிச்சேரியில் என்ன வேலை என்று எல்லாருக்கும் தெரியும். நீ இன்னொரு பஸ்ஸில் வந்திருந்தது மட்டும் எனக்குத் தெரியாது.

மேசைமேல் அந்தக் கடிகாரம் இருந்தது. சுவிட்சர்லாந்துச் சரக்கு, யுத்தத்துக்கு முந்தியது. மெல்லிய தங்கக் கூடு, ஏடு படிந்த பால் நிறத்தில் முகம், கீழே வினாடிக்கென்று தனியாக ஒரு குட்டி வட்டம். கேட்டேன். கூட்டத்தின் மறு பக்கத்திலிருந்து எவனோ ஏற்றினான். நானும் ஏற்றினேன். அவன் விடவில்லை. நமக்குப் போட்டியாக வந்த அந்தப் பாவி யார் என்று நுனிக்காலில் எட்டிப் பார்த்தால், அங்கிருந்து நீயும் அதே கோபத்தோடு என்னை எட்டிப் பார்க்கிறாய்!

அதற்குள் விலை, உனக்கும் எட்டாமல் எனக்கும் எட்டாமல் போய்விட்டது. ஏலக்காரர் சுத்தியலை ஓங்கிக்கொண்டு நிற்கிறார். உன் அண்டாக் காசும், வேறு காரியத்துக்கு என்று நான் வைத்திருந்த காசும் சேர்ந்தன. திரும்பும் பஸ்ஸில் அண்டா இல்லாமல் நீயும், தள்ளாடாமல் நானும் உட்கார்ந்து வந்தோம். இரண்டுமே நம் வீடுகளில் சந்தேகத்தைக் கிளப்பின.

பஸ்ஸிலேயே ஏற்பாடு முடிந்தது. ஒரு வாரம் உனக்கு, ஒரு வாரம் எனக்கு. வெள்ளிக்கிழமைச் சந்தை கலைந்து, ராஜகிரி மலைக்குப் பின்னால் வெயில் இறங்கும்போது டீக்கடையில் கைமாற்ற வேண்டும். கொடுப்பவன் முழுச் சாவி கொடுத்துத்தான் கொடுக்க வேண்டும். "பசியோட அனுப்பாதய்யா" என்பாய். வாங்குபவன் காதில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கட்டிக்கொள்ள வேண்டும். கட்டும்போதே நீ முகம் சுளிப்பாய். "இன்னாய்யா இது, கடல மூட்டைய கட்டின மாதிரி நாறுது!" நான் சும்மா இருப்பேனா? "போன வாரம் எனக்கு வந்தப்ப ரசம் வெக்கலாம் போல இருந்துச்சு."

ஒரு கடிகாரத்தில் பாதி என்று வெளியே சொல்ல வெட்கம். அதனால் ஆளுக்கொன்று ஜோடியாக வாங்கியதாக ஊரை நம்பவைத்தோம். வெறுங்கை வாரத்தில் யார் கேட்டாலும் "ரிப்பேருக்குப் போயிருக்குது" என்று சொல்ல வேண்டும். உன் குசும்பு அங்கேதான். என் வெறுங்கை வாரமாகப் பார்த்து, மண்டியில் நாலு வியாபாரிகள் இருக்கும் நேரமாகப் பார்த்து வருவாய். உன் கையைத் துண்டுக்கடியில் மறைத்துக்கொண்டு, பால் குடிக்காத பூனை மாதிரி கேட்பாய்:

"யோவ், மணி இன்னாய்யா?"

"ரிப்பேருக்குப் போயிருக்குது."

"மறுபடியுமா? எப்ப வரும்?"

"வெள்ளிக்கிழம."

துண்டுக்கடியில் அது ஓடுகிற சத்தம் எனக்குக் கேட்கும்.

அதற்கப்புறம் ஆளுக்கு நாலைந்து பழைய கடிகாரங்கள் சேர்த்துப் பெட்டியில் வைத்தோம்; வெறுங்கை வாரத்தில்கூட அவற்றைக் கட்டியதில்லை. ஆனால் புதுசு பக்கம் நீ திரும்பியதே இல்லை. தேதி காட்டுகிற மாடலை உன் மகன் மெட்ராஸிலிருந்து கட்டிக்கொண்டு வந்தபோது, "தேதி பாக்க காலண்டர் இருக்குதேடா, செவுத்தையும் கையில கட்டிக்கினு திரியணுமா?" என்றாய். கை அசைந்தால் போதும், சாவியே வேண்டாம் என்று வல்லத்து ரைஸ்மில்காரர் ஆட்டோமேட்டிக் வாங்கிய கதையை நீ சொல்லிச் சொல்லிச் சிரித்தாய். கல்லாவில் உட்கார்ந்தால் மனிதர் கையே அசைக்கமாட்டார். ராத்திரி கழற்றி வைத்தால் விடிவதற்குள் கடிகாரம் நின்றுவிடும். கடைசியில் மில் ஆள் ஒருவன் தினமும் அதைக் கட்டிக்கொண்டு, களத்தில் நெல்லைக் கிளறிவிட்டு, முதலாளியிடம் கொண்டுபோய்க் கொடுத்தானாம். சிரித்து முடித்தபின் நீ கொஞ்சம் அமைதியாகி, "தானா ஓடறதுக்கு நாம எதுக்குய்யா? காலைல எழுந்தா, என்னத் தொடுன்னு அது கேக்கணும்" என்றாய்.

உன் வாரத்தில்தான் நீ போனாய். தராசில் குடத்தை வைத்தவன் அப்படியே சாய்ந்துவிட்டாய் என்று ஆள் வந்து சொன்னான். செருப்பை ஒரு காலில் மட்டும் மாட்டிக்கொண்டு ஓடி வந்தேன். கடைக்குள் உன்னைக் கிடத்தியிருந்தார்கள். உன் மணிக்கட்டைப் பிடித்தேன். துடித்தது. "உசுரு இருக்குது, உசுரு இருக்குது!" என்று கத்தினேன். எல்லாரும் ஓடி வந்தார்கள். விரலுக்கடியில் துடித்தது கடிகாரம்.

இத்தனை வருஷம் ஊரைச் சிரிக்கவைத்த என் வாய்க்கு, அன்றைக்கு மூடிக்கொள்ளத் தெரியவில்லை.

காரியம் முடிந்தபின், பழைய கடிகாரத்தை உருக்கினால் தங்கம் தேறும், தங்கைக்கு மோதிரம் அடிக்கலாம் என்று உன் மகன் சொன்னது காதில் விழுந்தது. பாதி என்னுடையது என்று எப்படிச் சொல்வேன்? எனக்கும் தனியாக ஒன்று இருப்பதாக ஊர் முழுக்க அடித்துவிட்டவனே நான்தானே. நமக்குச் சாட்சி நாம் இரண்டு பேர். அதில் ஒருவன் போய்விட்டான்.

அடுத்த வெள்ளிக்கிழமை உன் கடை வாசலில் இப்படியும் அப்படியும் நடந்தேன். கடைக்குப் பின்னாலிருக்கும் வீட்டிலிருந்து உன் மனைவியின் குரல் வந்தது.

"இன்னா அண்ணா, வழி தெரியாத ஆளாட்டம் நடக்கறீங்க? உள்ள வாங்க."

போனேன். உன் வீட்டம்மா மடியிலிருந்து எடுத்து நீட்டியது. அதே கடிகாரம்.

"சாவி குடுத்துத்தான் வெச்சிருக்கறேன். காதுல வெச்சுப் பாப்பீங்களே, பாருங்க."

"உனக்கு எப்படிம்மா தெரியும்?"

"ஒரு வாரம் மினுக்கிக்கினு வருவாரு, ஒரு வாரம் கை மூளியா வருவாரு. உங்க வூட்டு அக்காவுக்கும் தெரியும். பத்து வருஷமா ரெண்டு பேரும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறோம்." அழுதுகொண்டே சிரித்தது. "மவங்கிட்ட சொல்லிட்டேன், இதுல கை வெக்காதடான்னு. திருப்பி எடுத்துக்கினு வராதீங்க அண்ணா. அத பாக்கற தெம்பு எனக்கு இல்ல. முழுசா நீங்களே வெச்சிக்குங்க."

காதில் வைத்தேன். ஓடியது. அந்த ஏலத்தில் நான் கேட்டது இதைத்தான், முழுசாக. கிடைத்துவிட்டது. அதை எடுத்துக்கொண்டு டீக்கடைக்குப் போனேன். வழக்கம்போல இரண்டு டீ வந்தது. கடைக்காரருக்கும் மறந்துவிட்டது போலிருக்கிறது. இரண்டையும் நானே குடித்தேன். இரண்டாவது ஆறிப்போயிருந்தது.

முழுசாக வைத்துக்கொள்ள எனக்குத் தெரியவில்லை. என் வாரம் கட்டிக்கொள்கிறேன். உன் வாரம் மண்டி மேசை இழுப்பறையில் வைத்துவிட்டு வெறுங்கையோடு உட்கார்ந்திருக்கிறேன். தினமும் காலையில் திறந்து சாவி மட்டும் கொடுக்கிறேன். கட்டிக்கொள்ளவில்லை, சத்தியம். இன்று வாரைத் தைத்து வாங்கியதும் நேரே இழுப்பறைக்குள்தான் போயிற்று. இது உன் வாரம்.

சற்று முன்பு அவலூர்பேட்டை வியாபாரி ஒருவர் சாக்கை இறக்கிவிட்டு, "மணி இன்னா அண்ணாத்த?" என்று கேட்டார்.

"ரிப்பேருக்குப் போயிருக்குது" என்றேன்.

"சரி" என்று சொல்லிவிட்டுத் தெருவில் போன வேறொருவரைக் கேட்கப் போய்விட்டார்.

மறுபடியுமா என்று அவர் கேட்கவில்லை. கேட்பார் என்று கொஞ்ச நேரம் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.