உருளைக்கிழங்கு ஒரு வில்லை

மார்ச் 4, செவ்வாய்

வாலுவின் பள்ளிப் பாவாடையை இடுப்பில் மறுபடியும் பிடித்துத் தைத்தேன். போன மாதம் போட்ட தையலே புதுசாக இருக்கிறது. அதற்கும் உள்ளே தள்ளி ஓட்ட வேண்டியிருந்தது. தையல் கடையில் நாளெல்லாம் ஊரார் துணியைப் பிரித்துவிடுவதுதான் என் வேலை. எல்லோருக்கும் சதை போடுகிறது. என் மகளுக்கு மட்டும் துணி பெருத்துக்கொண்டே போகிறது.

"உங்க பொண்ணு இளைச்சு எவ்வளவு அழகாயிட்டா!" என்கிறாள் கடை முதலாளியம்மா. நான் ஊசியில் நூலைக் கோத்தேன்.

மார்ச் 6, வியாழன்

டாக்டரம்மா சொன்னார்: "சாப்பாட்டு மேசையில சண்டை வேண்டாம். எடைப் பேச்சே எடுக்காதீங்க. முன்னாடி அவளுக்குப் பிடிச்சதைச் செஞ்சு வச்சு, கூட உக்காந்து நீங்களும் சாப்பிடுங்க. இது பிடிவாதம் இல்லம்மா, நோய்." அந்தச் சொல்லைக் கேட்டதும் கூட வந்த என் வீட்டுக்காரர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அவளுக்குப் பிடித்தது ஓவனில் வேகவைத்த உருளைக்கிழங்கும் காய்கறியும்தான். கிழங்கை வில்லை வில்லையாக நறுக்கி, உப்புத் தண்ணீரில் அரைவேக்காடு எடுத்து, கேரட், பீன்ஸ், குடைமிளகாய், வெங்காயத்தோடு எண்ணெயும் மிளகுத்தூளும் போட்டுப் பிரட்டி, மேலே சீஸைத் துருவி உள்ளே வைத்தேன். ஓரம் முறுகும்போது வீடே மணத்தது. ட்ரேயின் மூலையைச் சுரண்டித் தின்ன அப்பாவோடு மல்லுக்கு நிற்பவள், இன்று முள்கரண்டியால் வில்லைகளை வரிசையாக அடுக்கினாள். கலைத்தாள். மறுபடி அடுக்கினாள். பீன்ஸ் துண்டு ஒன்று உள்ளே போயிற்று.

"போதும்மா. வயிறு முட்டிடுச்சு."

மார்ச் 7, வெள்ளி

மறுபடியும் அதையே செய்தேன். தட்டு காலி! கழுவும்போது அழுகை வந்துவிட்டது.

மார்ச் 9, ஞாயிறு

துவைக்க எடுத்த அவள் சட்டைப் பையில், டிஷ்யூ பேப்பரில் சுற்றியபடி — வெள்ளிக்கிழமை உருளைக்கிழங்கு. அத்தனையும்.

கத்திவிட்டேன். "யாரைடி ஏமாத்துறே? என்னையா, உன்னையா?" டாக்டரம்மா சொன்னதெல்லாம் காற்றில் போச்சு. சுவரோடு ஒட்டி நின்றாள்.

"அதைப் பாத்தாலே பயமா இருக்கும்மா. உனக்குப் புரியாது."

கிழங்கைப் பாத்துப் பயமா? அது என்ன பாம்பா, பூரானா? ஆனால் பொட்டலத்தை நீட்டினதும் வெடுக்கென்று கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். அது நடிப்பில்லை. பெத்தவளுக்குத் தெரியாதா?

மார்ச் 12, புதன்

பள்ளிக்கூட மாடிப்படியில் மயங்கி விழுந்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம். இதயம் ரொம்ப மெதுவா அடிக்குதாம். மூக்கு வழியே குழாய் விட்டிருக்கிறார்கள். எழுத முடியல.

மார்ச் 15, சனி

ஆஸ்பத்திரியிலிருந்து வந்தால் அடுக்களையில் ஒரே புகை. வெந்நீர்கூட வைக்கத் தெரியாத மனுஷன் கிழங்கும் காயும் நறுக்கி ஓவனில் வைத்திருக்கிறார்.

"அவ வந்தா கேப்பா இல்ல? கத்துக்கிட்டா நல்லதுதானேன்னு..."

அடி முழுக்கக் கரி. ஆளுக்குக் கொஞ்சம் போட்டுக்கொண்டு உட்கார்ந்தோம்.

"நல்லா இருக்கா?"

"ம்."

இரண்டு பேரும் தலை நிமிரவில்லை.

மார்ச் 21, வெள்ளி

வீட்டுச் சாப்பாடு ஏதாவது வேணுமா என்று நர்ஸ் கேட்டதற்கு, வாலு அந்த ஓவன் உருளைக்கிழங்கைத்தான் சொன்னாளாம். சீஸ் மட்டும் வேண்டாமாம்.

நான் கொண்டுபோன டப்பாவைத் திறந்து வைத்துவிட்டு நர்ஸ் பக்கத்தில் உட்கார்ந்து, தன் வீட்டுப் பூனை செய்யும் அட்டகாசங்களைச் சொல்லிக்கொண்டே இருந்தார். வாலு ஒரு வில்லையை நாலாகக் கீறினாள். ஒரு துண்டை வாயில் வைத்தாள். மென்றாள். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது, துடைக்கவில்லை, மென்றாள். நான் போர்வையின் ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பார்வையாளர் நேரம் முடிந்து மணி அடித்தபோது அந்த வில்லை முடிந்திருந்தது. கேரட்டில் ஒரு கடி. மீதியெல்லாம் ஆறி, விறைத்துக் கிடந்தது.

டப்பாவை மூடும்போது சொன்னாள்: "கேரட் சரியா வேகலம்மா."

குழாய் இன்னும் மூக்கில்தான் இருக்கிறது. எப்போது எடுப்பார்கள் என்று யாரும் சொல்லவில்லை.

காலையில் கேரட்டைத் தனியாக வேகவைத்துக்கொள்ள வேண்டும்.