இப்போ எந்த டீமுங்க?

குண்டூர் நாடு, கொல்லிமலை
14-2-1937

என் மாமாவுக்கு உங்க பொண்டாட்டி இருசாயி எழுதறது. நானும் மாடு கன்னும் சௌக்கியம். அங்கே நீங்களும் உங்க காலும் சௌக்கியமாங்க?

மலாய் நாட்டுக்கு ரப்பர் பால் வெட்டப் போன மனுசனைத் தோட்டத்துத் தொரை பந்து உதைக்க வச்சிக்கிட்டாருன்னு எழுதியிருந்தீங்க. செம்மேட்டுச் சந்தையில சொன்னேன், ஒருத்தரும் நம்பல. அந்தப் பந்துக்குள்ள என்னதானுங்க இருக்கு? தோத்துப்போனா சோறு போடுவாங்களா?

கேழ்வரகு அறுத்தாச்சு. பக்கத்துக்காட்டுக் குழந்தைசாமி, போன வருசம் பொண்டாட்டியைப் பறிகொடுத்தவரு, மாடு கட்டி அடிச்சுக் கொடுத்தாரு.

மூணு வருசத்துல வாரேன்னு நம்ம ஊர்த்தலைவரு பட்டக்காரர் முன்னால சொல்லிட்டுப் போனீங்க. வார ஆடியோட கெடு முடியுது. கெடு தாண்டுனா பொண்ணை வேற ஊட்டுக்குக் கட்டிக் கொடுக்கலாம், அதான் நம்ம வழக்கம்னு எங்கப்பன் இப்பவே பேசறாரு. வந்துடுங்க சாமி.

இருசாயி


ஈப்போ
2-5-1937

இருசாயி கண்ணுக்கு சென்றாயன் எழுதுவது.

பந்துக்குள்ள ரப்பர் பை, அதுக்குள்ள காத்து. அவ்வளவுதான். தோத்தாலும் சோறு உண்டு, கறிதான் கிடையாது. முதல் நாள் பூட்ஸ் மாட்டி விட்டாங்க. அடேயப்பா, ஒரு அடி எடுத்து வைக்க முடியல! கழட்டி எறிஞ்சிட்டு வெறுங்காலோட ரெண்டு கோல் போட்டேன். நம்ம மலையில ஏறி இறங்குன காலாச்சே.

இப்போ தோட்டத்தை விட்டு ரயில்வே டீமுக்கு வந்துட்டேன். பேருக்கு மூட்டை தூக்குற வேலை, சாயங்காலம் ஆட்டம். ஆடிக்கு வரத்தான் இருந்தேன், அந்த நேரம் பார்த்துக் கோப்பை ஆட்டம் வச்சிட்டாங்க. உங்கப்பனை இன்னொரு வருசம் பொறுக்கச் சொல்லு.

சென்றாயன்


குண்டூர் நாடு
20-8-1937

மாமாவுக்கு,

ஆடி போயிடுச்சு. ஊர்க்கூட்டத்துல நான்தான் எந்திரிச்சு, இன்னொரு வருசம் பாக்கறேன்னு சொன்னேன். பொம்பளை பேசினதுக்கு அப்பன் மூணு நாள் மொகம் கொடுக்கல.

ஒண்ணு கேக்கணும். டீம் மாறுனீங்களே, பழைய தொரை கோவிச்சுக்கலையா? கேட்டுட்டுப் போனீங்களா, கேக்காமலா? பழைய ஆளுங்க எதுக்கால வந்தா மூஞ்சியைப் பாத்துப் பேசுவாங்களா? விவரமா எழுதுங்க. குழந்தைசாமியும் கேட்டாரு. உங்க கடுதாசியை நான் சத்தமாப் படிச்சா வேலிக்கு அந்தப் பக்கமே நின்னு கேப்பாரு, உள்ள வர மாட்டாரு.

இருசாயி


பினாங்கு
11-3-1938

இருசாயி கண்ணுக்கு,

இப்போ நான் துறைமுக டீம். நீ கேட்டதைச் சொன்னேன், எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சாங்க.

ஆட்டப் பருவம் முடிஞ்சதும் மேனேஜர்கிட்ட நேராப் போய்க் கேக்கணும். அவர் ஒரு சீட்டு எழுதித் தருவாரு. சொல்லாமப் போனாத்தான் கெட்ட பேரு. ஈப்போக்காரங்களுக்கு எதிரா நானே கோல் போட்டேன், முடிஞ்சதும் ஒண்ணா உக்காந்து டீ குடிச்சோம். ஆட விடாம ஓரமா உக்கார வச்சிருக்கிற டீமுல கெடக்கறதுதான் மடத்தனம்.

சிங்கப்பூர்ல கூப்பிடறாங்க, பெரிய டீம். இந்த ஆடிக்கும் ஆகாது போல. கோவிச்சுக்காதே.

சென்றாயன்


குண்டூர் நாடு
25-5-1938

மாமாவுக்கு,

இப்படிக் கூப்பிடறது இதுதான் கடைசி.

குழந்தைசாமி என்னைக் கேட்டாரு. நான் சரின்னேன். நாலு வருசமா ஓரத்துல உக்காந்திருந்தேனுங்க. வார ஆடியில கெடு முடிஞ்சா போதும், புருசன் சம்மதம் வேண்டியதில்லைன்னு பட்டக்காரர் சொல்லிட்டாரு. எனக்குத்தான் மனசு ஒப்பல. நேராக் கேக்கணும்னு நீங்கதானே எழுதினீங்க? அதான் கேக்கறேன். ரெண்டு வரி எழுதி அனுப்புங்க. தாலியை உங்க அக்கா ராமாயிகிட்டக் கொடுத்துடறேன்.

உங்க மேல கோவம் இல்லீங்க. இருந்துச்சு, இப்ப இல்லை.

இருசாயி


சிங்கப்பூர்
3-7-1938

இருசாயிக்கு,

உன் கடுதாசி வந்து பத்து நாளாச்சு. ஆட்டத்துக்கே போகல. காய்ச்சல்னு சொல்லிட்டேன்.

சீட்டு இதுதான். இருசாயி என் சம்மதத்தோட போறா. அவ மேல ஒரு குத்தமும் இல்லை. இதைப் பட்டக்காரர்கிட்டக் காட்டு.

உன் கடுதாசியெல்லாம் எடுத்து வச்சுப் படிச்சேன். பந்துக்குள்ள என்ன, தோத்தாச் சோறு உண்டா, எத்தனை கேட்டிருக்கே! நான் உன்னை ஒண்ணுகூடக் கேட்டதில்லை புள்ளே. இன்னைக்குத்தான் தெரியுது.

இப்பக் கேக்கறேன். நாலு வருசம் அந்த ஊட்டுல நீ ஒத்தையில எப்படி இருந்தே?

பதில் போட வேண்டாம்.

சென்றாயன்