பிறைக் கணக்கில் ஐந்து நாள்

நவம்பர் 6
நவுஷாத் போய் நூற்று இரண்டு நாள். உளுந்தூர்பேட்டையில் லாரி மோதியது ஜூலையில். கணவனை இழந்தவள் வீட்டோடு இருக்கும் இத்தா நாலு மாதம் பத்து நாள். டிசம்பர் ஏழு வரை வீட்டைவிட்டுப் போக வேண்டாம். காலண்டரில் வட்டம் போட்டிருக்கிறேன்.

நவம்பர் 8
என் ஆய்வு வழிகாட்டி ராமசாமி சார் பேசினார். வாய்மொழித் தேர்வு டிசம்பர் 4, சென்னையில். “இத விட்டா இன்னும் ஒரு வருஷம் ஆகும்மா.” அதற்குள் இத்தா முடியாது சார் என்றேன். நிம்மதியாக இருந்தது. சூரிய வெடிப்புகளில் ஆறு வருட உழைப்பு. நிம்மதி ஏன்?

நவம்பர் 11
மூன்றரை மணிக்குச் சூரியனில் பெரிய வெடிப்பு. போனில் படித்தேன். மூடி வைத்தேன். அவன் இருந்திருந்தால் தன் துணிக்கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லியிருப்பான்.

நவம்பர் 12
மாமியோடு, நவுஷாத்தின் அம்மாவோடு, படுக்கைவிரிப்பைப் பிழிந்தேன்.

“சூரியன்ல இன்னாம்மா வெடிக்குது? கேஸா?”

ஆளுக்கொரு முனையை முறுக்கிக்கொண்டே சொன்னேன். காந்தப் புலத்தின் கால்கள் சூரியப் பரப்பில் ஊன்றியிருக்கின்றன. பரப்பு நகர நகர, புலம் இப்படித்தான் முறுக்கிக்கொள்கிறது. அதில் மின்னோட்டம் ஏறுகிறது, ஆற்றல் சேர்கிறது. நடுவில் துணி சுருண்டு எழுந்தது. எதிரெதிர்க் கோடுகள் நெருங்கும் இடத்தில் அறுந்து வேறு விதமாக ஒட்டிக்கொள்ளும், சேர்ந்ததெல்லாம் வெளியே வரும்.

“அறுந்தும் ஒட்டுதா,” என்றார் மாமி.

நவம்பர் 15
எதுவும் இல்லை.

நவம்பர் 23
மாமி காலண்டரைப் பார்த்துவிட்டார்.

“இன்னாம்மா இது, இங்கிலீஷ் தேதியில எண்ணிக்கினு இருக்க? பொற தெரிஞ்ச அன்னிக்குப் போனான். நாலு பொற முடிஞ்சிச்சு. மேல பத்து நாளு. ரெண்டாந் தேதியோட சரி.”

பள்ளிவாசல் ஹஜ்ரத்தும் அதையே சொன்னாராம்.

சூரியனைப் படித்தவள் சூரியனை வைத்தே எண்ணிவிட்டேன். அஞ்சு நாள் போச்சு. அது என் அஞ்சு நாள் — யார் கேட்டா இவங்கள? அவனுக்கு இன்னும் பொண்டாட்டியா இருக்க அவ்ளோதான் மிச்சம் இருந்துச்சு.

நவம்பர் 24
மாமியே சாருக்குப் போன் செய்திருக்கிறார். “நாலாந் தேதி அஸ்ரின் வருவாங்க.”

டிசம்பர் 2
முடிந்தது. மழை.

டிசம்பர் 4
தேர்வாளர் கேட்டார்: அவ்வளவு ஆற்றல் சேர்ந்தும் ஏன் உடனே வெடிப்பதில்லை? மேலே வளைந்து நிற்கும் புலம் அழுத்திப் பிடிக்கிறது, அந்தப் பிடி தளரும்வரை உள்ளே மின்னோட்டம் ஓடிக்கொண்டேயிருக்கும் என்றேன். அரை மணி நேரம் பேசினேன். டாக்டர் அஸ்ரின் என்று கை குவித்தார்கள்.

வெளியே வந்து போனை எடுத்தேன். விரல் பழக்கத்தில் நவுஷாத் எண்ணை அழுத்திவிட்டது. மணி அடித்தது.

மாமி எடுத்தார். அந்தப் போனுக்கு இத்தனை நாளும் சார்ஜ் போட்டு வைத்திருக்கிறார்.

“அவன் இருந்தா மொதல்ல இன்னா கேப்பானோ, அதையே கேக்கறேன். சாப்ட்டியா?”

இல்லை என்றேன். நடைபாதையிலேயே உட்கார்ந்து அழுதேன்.