நீங்கள் சொன்னதும் நான் சொல்லாததும்

அண்ணை,

ஆறு கிழமைக்கு முன் சூரிச்சில் ஒரு ஆஸ்பத்திரியில், சின்னச் சத்திரசிகிச்சை ஒன்றுக்காகப் படுத்திருந்தேன். காலையில் ஒரு தாதி வந்து என் மணிக்கட்டைப் பிடித்தாள். இரண்டு விரலை நாடியில் வைத்துக்கொண்டு சுவர் மணிக்கூட்டைப் பார்த்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டேன். நோகிறதா என்று கேட்டாள். இல்லை என்றேன். பாவம், அந்தப் பிள்ளைக்கு என்ன தெரியும். எனக்கு உங்கள் நினைப்பு வந்துவிட்டது, பிறகு போகவே இல்லை.

இந்த நாட்டுக்கு வந்த புதிதில் டாவோஸில் ஒரே ஹோட்டல் குசினியில் இரண்டு பேரும் கோப்பை கழுவினோம். நீங்கள் ஊரில் அப்போதிக்கரியாக இருந்தவர். பெரிய டொக்டர் எட்டிப் பார்க்காத இடங்களில் சனத்துக்கு நீங்கள்தான் டொக்டர். ஒரு நாள் குசினிச் சூட்டில் போர்த்துக்கல்காரப் பெண் ஒருத்தி மயங்கி விழுந்தாள். எல்லோரும் உங்களைத்தான் பார்த்தோம். நீங்களோ ஈரக் கையை ஏப்ரனில் துடைத்துத் துடைத்து நின்றீர்கள். "தம்பி, நீ நாடி பிடிச்சுப் பார். நான் தொடமாட்டன்" என்றீர்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. படித்த தடிப்பு என்று மற்றப் பெடியளுக்குச் சொல்லித் திரிந்தேன். நான் அப்படித்தான், தெரியாததைப் பற்றித்தான் கூடக் கதைப்பேன்.

வேலையாட்கள் சாப்பிடும் அறையில் ஒரு கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சி இருந்தது. ஒரு பின்னேரம் அதில் உலக யுத்தம் முடிந்தபின் நடந்த வழக்கொன்றைக் காட்டினார்கள். தடுப்பு முகாம்களில் கைதிகளைப் பனித் தண்ணீரில் போட்டும் நோயை ஏற்றியும் சோதித்துப் பார்த்த டொக்டர்மார் கூண்டில் வரிசையாக இருந்தார்கள். நீங்கள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டீர்கள். ஒவ்வொரு வசனமாகத் தமிழில் சொல்லச் சொன்னீர்கள். மேலிடத்துக் கட்டளை என்று ஒருவன் சொன்னான், அதையும் சொன்னேன். ஒரு சொல் விடாமல், மிகச் சரியாகச் சொன்னேன் அண்ணை. அதுதான் இன்று என்னை அதிகம் சுடுகிறது.

அடுத்த நாள் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கதைத்தீர்கள்.

"மாதத்தில மூண்டு நாலு தரம் ஆமி ஜீப் வரும். முகாமுக்குக் கொண்டு போவாங்கள். பிடிச்ச பெடியளைக் கட்டி வச்சிருப்பாங்கள். இன்னும் தாங்குவானோ எண்டு நான் நாடி பிடிச்சுப் பாத்துச் சொல்லவேணும். தாங்குவான் எண்டால் திரும்பத் தொடங்குவாங்கள்."

"நீங்கள் என்ன சொன்னீங்கள்?"

"தாங்குவான் எண்டும் சொல்லியிருக்கிறன்."

பிறகு அந்தப் பத்தொன்பது வயதுப் பிள்ளையைப் பற்றிச் சொன்னீர்கள். பெயர், ஊர், தாயின் பெயர், எல்லாம். நீங்கள் தாங்குவான் என்று சொல்லி அரை மணித்தியாலத்தில் அவன் முடிந்துபோனான். வலிப்பு வந்து செத்ததாக எழுதிக்கொண்டு வந்து நீட்டினார்கள். நீங்கள் கையெழுத்து வைத்தீர்கள்.

"வைக்காட்டி உங்களையும் கட்டியிருப்பாங்கள் அண்ணை" என்றேன்.

"ஓம். அதையும் சேத்துத்தான் என்ர அகதி விசாரணையில சொல்லப்போறன். அவன்ர பேர், என்ர பேர், முகாம் பெரியவன்ர பேர், மூண்டும் எங்கையாவது ஒரு அரசாங்கக் கந்தோர்க் கடுதாசியில இருக்கவேணும். என்னை என்ன செய்யினமோ செய்யட்டும்."

அந்த நாளில் எனக்கு நெஞ்சு நிமிர்த்தின நடை. ஜெர்மன் மற்றவர்களைவிட முந்தி வாயில் வந்ததால், எங்கள் ஆட்களின் அகதி விசாரணைக்கு மொழிபெயர்க்க என்னைக் கூப்பிடுவார்கள். சொன்னதைச் சொன்னபடி சொல்வதுதான் அந்த வேலை. நான் அப்படிச் செய்யவில்லை. முன்னுக்குப் பின் முரணாகச் சொன்னதை நேராக்குவேன், ஆபத்தானதை விழுங்கிவிடுவேன். உதவி என்றுதான் நினைத்தேன். சனமும் என்னைக் கூப்பிட்டுச் சோறு போட்டது. நான் கூடப் போனால் வெல்லலாம் என்று என் காதுபடவே கதைத்தார்கள்.

கூர் நகரத்தில் உங்கள் விசாரணை. முகாமில் உங்கள் வேலை என்ன என்று அதிகாரி கேட்டார். நீங்கள் கால் மணித்தியாலம் விடாமல் சொன்னீர்கள். அழவில்லை, ஒன்றையும் மறைக்கவில்லை. மூன்று பெயர்களையும் எழுத்து எழுத்தாகச் சொன்னீர்கள். அதிகாரி தட்டச்சில் விரலை வைத்தபடி என்னைப் பார்த்தார். நான் சொன்னேன்: "இவரைப் பலவந்தமாகக் கொண்டுபோனார்கள். காயப்பட்டவர்களுக்கு மருந்து கட்டினார்."

"இவ்வளவு நேரம் சொன்னது இவ்வளவுதானா?" என்று அவர் கேட்டார்.

"சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்கிறார்" என்றேன்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. எழுதியதைக் கடைசியில் மொழிபெயர்ப்பாளர் தமிழில் வாசித்துக் காட்டவேண்டும். சரியென்றால் ஒவ்வொரு பக்கத்திலும் நீங்கள் கையெழுத்திட வேண்டும். நான் கடுதாசியைப் பார்த்துக்கொண்டு, அதில் இல்லாததை, நீங்கள் சொன்னபடியே உங்களுக்கு வாசித்தேன். அந்தப் பிள்ளையின் பெயரையும் வாசித்தேன். நீங்கள் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, பக்கம் பக்கமாகக் கையெழுத்து வைத்தீர்கள். வெளியே வந்ததும் பெரிதாக ஒரு மூச்சு விட்டீர்கள். அன்றைக்கு ரயிலில் நீங்கள் நன்றாக நித்திரை கொண்டீர்கள். உங்களைக் காப்பாற்றிவிட்டேன் என்று நான் பக்கத்தில் பெருமையோடு இருந்தேன். வெட்கங்கெட்டவன்.

உண்மையைச் சொன்னால் உங்களைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று பயந்தது பொய்யில்லை. ஆனால் நான் கூடப் போய் ஒருவர் தோற்றார் என்ற பெயர் எனக்கு வரக்கூடாது என்பதும் உள்ளே இருந்தது. அதை நான் ஒருவருக்கும் சொன்னதில்லை.

அடுத்த வருசம் உங்களுக்கு விசா கிடைத்தது. எல்லோரும் கேசரி கிண்டினோம். நீங்கள் மட்டும் அகராதியை வைத்துக்கொண்டு ஒரு கிழமை மினக்கெட்டு, விசாவோடு வந்த ஜெர்மன் கடிதத்தை வாசித்தீர்கள். காயப்பட்டவர்களுக்கு ஆபத்தின் மத்தியில் வைத்தியம் செய்தவர் என்று அதில் எழுதியிருந்தது. என் அறைக்கு வந்து கடிதத்தைக் கட்டிலில் வைத்தீர்கள்.

"தம்பி, நான் சொன்னது இதில இல்லை."

"விசா கிடைச்சிட்டுதுதானே அண்ணை. இனி ஏன் அதைக் கிண்டுவான்?"

"முதல் கையெழுத்து ஆமி துவக்கைக் காட்டி வாங்கினது. இது நீ சிரிச்சுக் கதைச்சு வாங்கினது" என்றீர்கள். குரல் உயரவில்லை. நான்தான் கத்தினேன், நன்றியில்லாதவர் என்றுகூடச் சொன்னேன்.

திரும்பக் கூருக்குப் போய் இரண்டு பேரும் திருத்திச் சொல்வோம் என்று கேட்டீர்கள். சீசன் முடியட்டும் என்றேன். சீசன் முடிந்து அடுத்ததும் வந்தது. நீங்கள் வேறொருவரைக் கூட்டிக்கொண்டு போயிருக்கலாம். நான் அதைக் கேட்டதற்கு, "உன்னைக் காட்டிக்குடுத்துப்போட்டு எனக்கு என்ன நிம்மதி? நீயாச் சொல்லவேணும்" என்றீர்கள். நானாகச் சொல்லவில்லை. அந்த மாசியில் பஸ் தரிப்பில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தீர்கள். தகனத்தில் என்னைத்தான் பேசச் சொன்னார்கள். காயப்பட்ட பிள்ளைகளைக் காத்த கை என்று பேசினேன். சனம் அழுதது.

தாதி நாடி பிடித்த அந்தக் கிழமைதான் அந்தப் பிள்ளையின் தாய்க்கு எழுதினேன். நடந்ததை எழுதினேன். நீங்கள் இந்த நாட்டு அதிகாரியிடம் எல்லாவற்றையும் சொன்னீர்கள் என்றும் எழுதினேன். என்னைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. அங்கேயும் விழுங்கிவிட்டேன் அண்ணை. கொழும்புக்குப் போனவர் ஒருவர் நேற்று அந்த அம்மாவின் பதிலைக் கொண்டுவந்து தந்தார்.

"தம்பி, பிள்ளையைக் குளிப்பாட்டினது நான். வலிப்பு இல்லை எண்டு எனக்கு அண்டைக்கே தெரியும். அப்போதிக்கரி ஐயா ரெண்டு தரம் எங்கட படலை மட்டும் வந்து நிண்டிட்டுத் திரும்பிப் போனவர். உள்ளுக்கு வந்து சொல்லுவார் எண்டு பாத்துக்கொண்டு இருந்தனான். வாய் திறக்காமல் நாட்டை விட்டே போனார் எண்டு இவ்வளவு காலமும் அவரைத் திட்டினன். அவர் சொன்னவர் எண்டு இப்பதான் அறியிறன். இனித் திட்டமாட்டன். ஒண்டு மட்டும் எழுது. என்ர பிள்ளையின்ர பேரை அவர் சொல்லேக்க, அந்த நாட்டுக்காரர் என்ன சொன்னவை?"

விடியக் காலையிலிருந்து மேசையில் இருக்கிறேன். மூன்று தாளைக் கிழித்துப்போட்டேன். அந்த விசாரணைத் தாள்களை எடுத்துப் பாருங்கள், நான் மாற்றித்தான் சொன்னேன் என்று கூருக்கு எழுதிய கடிதத்தைத் தபாலில் போட்டுவிட்டுத்தான் திரும்ப வந்து மேசையில் இருந்தேன். அது எனக்கு லேசாக இருந்தது, முகம் தெரியாத கந்தோர்தானே. உங்கள் கையெழுத்தையும், நன்றியில்லாதவர் என்று நான் சொன்னதையும், நான் சுமக்கத்தான் வேண்டும். இந்தத் தாய்க்குப் பதில் எழுதுவதுதான் கை வராமல் கிடக்கிறது. பதில் என்னவோ இரண்டு வரிதான்.

அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை அம்மா. உங்கள் பிள்ளையின் பெயரை நான் அவர்களுக்குச் சொல்லவே இல்லை.