ஏழாவது வயர்

4.2.1993

அன்புள்ள சுண்டுவுக்கு,

அண்ணன் எழுதுகிறேன். நலமா என்று கேட்கவே கூச்சமாக இருக்கிறது. ஏழு வருஷம் கேட்காதவன் இன்று கேட்டால், ஏதோ காரியம் ஆகவேண்டியிருக்கிறது என்றுதான் நினைப்பாய். காரியம்தான். இருந்தாலும் கேட்கிறேன், நலமா?

அம்மாவுக்கு நீ அனுப்பும் களிம்புப் பார்சலின் அட்டையிலிருந்து விலாசத்தை எடுத்தேன். அம்மா சுமாராக இருக்கிறாள். வலது கையில் கடைசி இரண்டு விரலும் மடங்கியது மடங்கியபடியே. சட்டைப் பித்தானை இடது கையால் போடப் பழகிவிட்டாள். தெருவில் இன்னும் 'நர்ஸம்மா' என்றுதான் கூப்பிடுகிறார்கள், கேஸ் பார்ப்பதை விட்டு இத்தனை நாளான பிறகும்.

விஷயம் அவளுடைய கார்தான். ஷெட் கூரை ஒரு பக்கம் இறங்கிவிட்டது, அடுத்த மழைக்குத் தாங்காது. பழைய வண்டிகளைச் சேர்க்கிற ஒருவர் வந்து பார்த்தார். "எல்லா லைட்டும் எரியணும், ஹாரன் அடிக்கணும், அப்பத்தான் எடுத்துப்பேன்" என்கிறார். பட்டறை மீசைக்காரரிடம் கேட்டால், "சாமான் கொண்டாங்க, மாட்டித் தரேன். எது எதுக்குன்னு மட்டும் என்னைக் கேக்காதீங்க. எல்லாம் கரிக்கட்டையா கெடக்கு" என்று கையை விரிக்கிறார்.

அந்த வண்டியின் வயரிங் தெரிந்த ஆள் உலகத்திலேயே நீ ஒருத்திதான். கேட்க எனக்கு வாயில்லை. அம்மாவுக்காகக் கேட்கிறேன்.

அன்புடன்,
அண்ணன்

15.2.1993

மதிப்பிற்குரிய அண்ணனுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. நான் நலம். அண்ணியும் குழந்தையும் நலம் என்று நம்புகிறேன்.

நான் இப்போது வயரிங் செய்வதில்லை. பழைய வண்டிகளுக்கான உதிரிபாகக் கடையில் கவுண்டர் வேலை. யாராவது துருப்பிடித்த துண்டு ஒன்றைக் கொண்டுவந்து நீட்டுவார்கள். அது என்ன, எந்த வருஷத்து வண்டிக்கு என்று பார்த்துச் சொல்லி, ரேக்கிலிருந்து எடுத்துக் கொடுக்க வேண்டும். காலை முதல் சாயங்காலம் வரை நின்றபடியே. கணுக்கால் வீங்கினால் ஒரு கால் மாற்றி ஒரு காலில் நிற்பேன்.

சாமான் அனுப்புகிறேன். அதற்கு நீங்கள் செய்ய வேண்டியது: முதலில் பேட்டரியைக் கழற்றுங்கள். கரிந்ததை அப்படியே பிடுங்கி எறிந்துவிடாதீர்கள். அந்த வண்டியில் வயருக்குத் துணி உறை. மேலே நிறம் போயிருந்தாலும், தகட்டோடு பிடித்திருக்கும் கிளிப்புக்கு அடியில் ஒரு விரல் அகலத்துக்கு நிறம் தங்கியிருக்கும். அதைப் பார்த்து எழுதுங்கள். அப்புறம் ஒவ்வொன்றிலும் அரை விரல் நீளம் வெட்டி, உறையைச் சீவி, உள்ளே எத்தனை இழை என்று எண்ணுங்கள். பதினாலா, இருபத்தெட்டா, நாற்பத்து நாலா என்பதை வைத்துத்தான் எவ்வளவு கரண்ட் தாங்கும் என்று சொல்ல முடியும். சுவிட்சுகளின் முதுகில் எண் பொறித்திருக்கும். அதையும் எழுதுங்கள். வெட்டிய துண்டுகளைக் காகிதத்தில் ஒட்டி, எண் போட்டு அனுப்புங்கள்.

அம்மாவின் களிம்பு தீரும் முன் அடுத்ததை அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
தங்கை

27.2.1993

அன்புள்ள சுண்டுவுக்கு,

கடையில் வந்து நிற்கிறவனிடம் பேசுவது போல 'நீங்கள்' போட்டு எழுதியிருக்கிறாய். கேட்டு வாங்கிக்கொண்டேன்.

மில்லில் மூன்று வாரமாக ராத்திரி ஷிஃப்ட். காலையில் வந்ததும் தூங்காமல் ஷெட்டுக்குள் தலைகீழாகப் படுத்துக்கொண்டு நீ சொன்னதைச் செய்தேன். அம்மா நாற்காலி போட்டு உட்கார்ந்து, இடது கையால் டார்ச் பிடித்தாள். இழை எண்ணும்போது நான் சலித்துக்கொண்டேன். "அவ சொன்னபடி எண்ணு. அவசரப்பட்டா மறுபடியும் மொதல்லேர்ந்து" என்றாள். மறுபடியும் முதலிலிருந்துதான். கண் பூத்துப்போய் மூன்று தடவை எண்ணினேன்.

இத்துடன் ஒட்டியிருக்கிறேன். ஒன்று, தடித்தது. பழுப்பு, நாற்பத்து நாலு இழை. இரண்டு நீலம், இருபத்தெட்டு. மூன்று சிவப்பு, பதினாலு. நாலாவது கறுப்பு, அதுவும் பதினாலு. ஐந்தாவது ஃபியூஸ். கண்ணாடிக்குள் ஒரு துண்டுக் காகிதம் சுருட்டி வைத்திருக்கிறது, எழுத்து படிக்க முடியவில்லை. ஆனால் கம்பி அறுந்த மாதிரி தெரியவில்லை. ஆறாவதை ஒட்ட முடியாது. காலால் மிதித்து லைட்டைத் தாழ்த்துகிற சுவிட்ச். எண் துருவில் போய்விட்டது. பின்னால் மூன்று திருகு இருக்கிறது.

ஏழாவது எதற்கென்று எனக்குத் தெரியவில்லை. உள்ளே இழையே இல்லை, ஒரே கம்பி. நீ பார்த்துச் சொல்.

குழந்தைக்கு முன்பல் விழுந்துவிட்டது. அத்தை எங்கே இருக்கிறாள் என்று கேட்கிறாள்.

அன்புடன்,
அண்ணன்

10.3.1993

அண்ணனுக்கு,

துண்டுகள் வந்தன. சுத்தமாக வெட்டி ஒட்டியிருக்கிறீர்கள்.

பழுப்பு, பேட்டரியிலிருந்து வரும் தாய் லைன். சாவி போட்டாலும் போடாவிட்டாலும் அதில் கரண்ட் இருக்கும். நீலம் ஹெட்லைட்டுக்கு. சிவப்பு, பின் லைட்டுக்கும் ஓரத்து லைட்டுக்கும். கறுப்பு, பாடியில் எர்த். இந்த நாலும் கடையில் இருக்கின்றன, துணி உறையோடு. ஃபியூஸில் இருக்கும் காகிதத்தில்தான் அதன் அளவு அச்சடித்திருக்கும். அது முப்பத்தைந்து ஆம்பியர். நான் போட்டதுதான். கால் சுவிட்சில் இரண்டு மாதிரி உண்டு. தரையில் பொருத்தும் இரண்டு ஓட்டைக்கும் நடுவே எத்தனை மில்லிமீட்டர் என்று அளந்து எழுதினால் போதும்.

ஏழாவதை எடுத்துக்கொண்டு நேற்று ஸ்டோர் ரூமுக்குள் போய் அட்டைப் பெட்டியின் மேல் உட்கார்ந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. முதலாளி வந்து, "ஒடம்பு சரியில்லையா?" என்றார்.

அது கார் வயரே இல்லை. வீட்டுச் சுவருக்குள் ஓட்டுகிற வயர். ஓடுகிற வண்டியின் அதிர்வுக்கு ஒற்றைக் கம்பி தாங்காது என்று பட்டறையில் சேர்ந்த முதல் மாதமே எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். அதன் ஒரு முனையில் பழுப்பு நூல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதாவது தாய் லைனின் உறையைக் கீறி, ஃபியூஸுக்கு முன்னாலேயே சுற்றியிருக்கிறார்கள். நடுவில் ஒரு பக்கம் மட்டும் உறை அறுந்திருக்கிறது. தகட்டு ஓட்டைக்குள் ரப்பர் வளையம் போடாமல் நுழைத்தால் அப்படித்தான் அறுக்கும். அறுந்த இடத்தில் செம்பு உருகி ஒரு சின்ன மணியாக நிற்கிறது. தீ அங்கேதான் தொடங்கியிருக்கிறது. ஃபியூஸுக்கு முன்னால் என்பதால்தான் ஃபியூஸ் போகவில்லை. மற்ற நாலு வயரும் அதனோடு சேர்ந்து எரிந்தவை.

ஏழு வருஷமாக நான் போட்ட ஒவ்வொரு ஜாயின்ட்டையும் மனசுக்குள் பிரித்துப் பிரித்துப் பார்த்திருக்கிறேன். ஏதோ ஒன்றில் ஈயம் சரியாகப் பிடிக்கவில்லை, நான்தான் கவனிக்கவில்லை என்று கடைசியில் நம்பியும் விட்டேன். அதற்கப்புறம் கையில் சால்டரிங் அயர்ன் எடுக்கவே இல்லை.

ஏழாவது வயரை யார் போட்டது? வேறு எதுவும் கேட்கவில்லை.

தங்கை

24.3.1993

சுண்டு,

நான்தான்.

உன் அண்ணிக்கு அப்போது ஐந்தாம் மாதம். வண்டியில் ஏறினாலே புழுக்கத்தில் வாந்தி. ஒரு ஞாயிற்றுக்கிழமை, டேஷ்போர்டில் சின்னதாக ஒரு ஃபேன் வைத்துக் கொடுத்தேன். உன்னைக் கேட்டிருக்கலாம். நீ வயரிங் முடித்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. கேட்டால், 'அதுல கை வெக்காதே' என்பாய். அறை கட்டியபோது மிஞ்சிய வயர் வீட்டில் கிடந்தது. ஃபேன் சுற்றியதும் அவள் சிரித்தாள். எனக்குப் பெருமையாக இருந்தது.

அதற்கடுத்த வாரம் அம்மா அந்தப் பிரசவக் கேஸை வண்டியில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். வழியில் டேஷ்போர்டுக்குள் புகை. பின் சீட்டில் வலி கண்ட பெண். அவளை இறக்க நேரமில்லை என்று அம்மா வெறும் கையை உள்ளே விட்டு எரிகிற வயர்களை ஒரே இழுப்பாக இழுத்தாள். தகவல் வந்து முதலில் ஓடிப்போனவன் நான். ஆம்புலன்ஸில் அம்மாவையும் அந்தப் பெண்ணையும் ஏற்றினார்கள். நான் வண்டிக்குள் போய் ஃபேனைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டேன். அம்மாவோடு கூடப் போகவில்லை. அதைத்தான் முதலில் செய்தேன்.

மறுநாள் பட்டறையில் உன் மேஸ்திரி, "யாரு பாத்த வயரிங் இது?" என்று கேட்டபோது, "என் தங்கச்சி" என்றேன். அது பொய்யில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவர் உன்னை வேலையை விட்டு நிறுத்தினார். நீ ஊரைவிட்டுப் போனாய். நான் பெட்டி தூக்கிக்கொண்டு ஸ்டேஷன் வரை வந்தேன்.

போன மாதம் அந்தத் துண்டு கைக்கு வந்தபோதே அது என்னவென்று எனக்குத் தெரியும். தெரியவில்லை என்று எழுதியது பொய். தூக்கிப் போட்டிருக்கலாம். வாயால் சொல்ல வரவில்லை, எழுதவும் வரவில்லை. ஒட்டினால் நீ கண்டுபிடித்துவிடுவாய் என்று ஒட்டினேன். அதிலும் கோழைத்தனம்தான்.

ஓட்டைகளுக்கு நடுவே ஐம்பத்தேழு மில்லிமீட்டர்.

அண்ணன்

5.4.1993

அண்ணா,

என்னைக் கண்டுபிடிக்க விட்டாய். அதையும் என் தலையில்தான் கட்டினாய். நீயாகச் சொல்லியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்?

ஃபேனுக்காக எனக்குக் கோபமில்லை. வாந்தி எடுக்கிற பெண்ணுக்குக் காற்று வேண்டும். நீ என்னைக் கேட்டிருந்தால் திட்டிக்கொண்டே நானே ஃபியூஸ் வைத்து மாட்டிக் கொடுத்திருப்பேன். பைக்குள் போட்டுக்கொண்டாயே, அதுதான். பெட்டியை என் கையில் கொடுத்து, "போய்ச் சேந்ததும் லெட்டர் போடு" என்றாயே, அதுதான்.

இருபத்திரண்டு வயசில் பட்டறையில் ஆறு ஆம்பிளைகளுக்கு நடுவே நின்று வேலை கற்றவள் நான். "பொம்பள கை, அதான் பத்திக்கிச்சு" என்று அவர்கள் சொன்னபோது என்னிடம் பதில் இல்லாமல் போயிற்று. பதில் உன் பையில் இருந்தது.

நாலு மாதத்துக்கு ஒருமுறை களிம்பு வாங்கிக் கட்டி அனுப்பும்போதெல்லாம் அந்தக் கையை எரித்தவள் நான் என்று நினைத்துத்தான் கட்டினேன்.

சாமான்கள் எல்லாம் தனிப் பார்சலில் வருகின்றன. ஐம்பத்தேழுக்கான சுவிட்ச் ஒன்றே ஒன்று இருந்தது, அதுவும் வருகிறது. எல்லாவற்றிலும் சீட்டு கட்டியிருக்கிறேன். மீசைக்காரர் படித்துப் படித்து மாட்டலாம்.

அம்மாவிடம் சொல். அண்ணியை விட்டுச் சொல்ல வைக்காதே, கடிதத்தைக் காட்டாதே. உன் வாயால் சொல். சொல்கிறவரை எனக்கு எழுதாதே.

சுண்டு

19.4.1993

சுண்டு,

சொல்லிவிட்டேன். ஒரு மத்தியானம், அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தபோது. கையிலிருந்த துண்டை மடித்து முடித்துவிட்டு எழுந்து உள்ளே போனாள். அது நடந்து மூன்று நாளாகிறது. இன்று கூப்பிட்டு, "பேப்பர் எடு. சொல்றத எழுது. மாத்தாம எழுது" என்றாள். மாற்றாமல் எழுதுகிறேன்.

"சுண்டு, அம்மா பேசறேன். என் கையால எழுத வராது, அதனால இவன் கையாலயே எழுதட்டும். இவன் பண்ணினது எனக்கு இன்னும் தொண்டையிலயே நிக்குது. முழுங்கவும் முடியல, துப்பவும் முடியல, பெத்தாச்சு.

ஆனா நானும் ஒண்ணு சொல்லணும். ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்த அன்னிக்கு நீ கட்டில் பக்கத்துல நின்னு, 'அம்மா, என் வேலைல தப்பில்லம்மா'ன்னே. நான் அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டேன். கை வலின்னு நெனச்சிருப்பே. வலிதான். ஆனா உன்னை நான் நம்பல. அதுவும் நெசம். நம்பியிருந்தா, ஒரு தடவ போய் வண்டியப் பாருடான்னு யாரையாவது அனுப்பியிருப்பேன். டேஷ்போர்டுல ஃபேன் சுத்தினதப் பாத்தேன், அதையும் நீ வெச்சதுன்னே நெனச்சேன். ஏழு வருஷமா ஷெட்டுக்கு எதுத்தாப்புல உக்காந்திருக்கேன், எனக்குத் தோணல பாரு.

இனிமே களிம்பு அனுப்பாதே. இங்கயே கெடைக்குது. பழைய டப்பா அஞ்சு அலமாரில பிரிக்காம கெடக்கு. நீ அனுப்பறத நிறுத்திடுவியோன்னு சொல்லல.

வண்டிய வித்துடலாம். பாத்துப் பாத்து அலுத்துப்போச்சு. விக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவ ஸ்டியரிங் முன்னால உக்காந்து லைட்டு போட்டுப் பாக்கணும். மீசைக்காரர் மாட்டினாலும் எரியும். வான்னு நான் கூப்பிடல, கூப்பிடற மொகம் எனக்கில்ல. வந்தா கதவு தெறந்திருக்கும்."

இவ்வளவுதான் சொன்னாள். 'பெத்தாச்சு' என்ற இடத்தில் நான் நிறுத்தினேன். "எழுது" என்றாள்.

அண்ணன்

30.4.1993

அண்ணா,

அம்மாவுக்குத் தனியாக எழுதியிருக்கிறேன். அதைப் பிரிக்காதே.

மீசைக்காரரிடம் வேண்டாம் என்று சொல்லிவிடு. பார்சல் வந்திருந்தால் அப்படியே இருக்கட்டும். முதலாளியிடம் பத்து நாள் லீவு கேட்டேன். ஏழு வருஷத்தில் முதல் தடவை என்பதால் அவருக்கே ஆச்சரியம். கடையில் கிடந்த அயர்னை எடுத்து மிச்ச வயர்களில் ஜாயின்ட் போட்டுப் பார்த்தேன். முதல் மூன்றும் இழுத்ததும் கையோடு வந்துவிட்டன. நாலாவது பிடித்துக்கொண்டது. நாலாவதை இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டு, கொஞ்ச நேரம் அழுதேன்.

பன்னிரண்டாம் தேதி காலை ரயிலில் வந்து இறங்குகிறேன். ஸ்டேஷனுக்கு வராதே. நான் இருக்கும் நாட்களில் பகல் ஷிஃப்ட் கேட்டு வாங்கிக்கொள். நான் வேலை செய்யும்போது நீ பக்கத்தில் இருந்தால் எனக்குக் கை ஓடாது. ஷெட் சாவியை அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போ.

மன்னித்தாயா என்று கேட்டு எழுதாதே. தெரியவில்லை. அந்தக் கேள்வியைத் தூக்கிச் சுமக்கிற தெம்பு இப்போது எனக்கில்லை. முதலில் வண்டி வேலை முடியட்டும்.

நாலு நாளில் முடித்துவிடுவேன். நாலாம் நாள் சாயங்காலம் அம்மா ஸ்டியரிங்கில் உட்கார்ந்து சுவிட்ச் போடுவாள். நான் பக்கத்து சீட்டில் இருப்பேன், தீயணைக்க ஒரு வாளி மணலோடு. இரண்டு ஹெட்லைட்டும் எரிகிறதா, கால் சுவிட்சை மிதித்தால் தாழ்கிறதா என்று வண்டிக்கு எதிரே நின்று சொல்ல ஒரு ஆள் வேண்டும். அண்ணியிடம் சொல்லலாம் என்று இருந்தேன். உனக்கு ஆறு மணிக்கு ஷிஃப்ட் முடியும் என்றால், நீயே வந்து நில்.

சுண்டு